சுண்ணாம்பு பட்ட பந்து

நண்பர்களே, சென்ற ஆண்டு நம் கோல்கீப்பருடைய மகளின் திருமண வரவேற்பில், சேலையூர் மண்டபத்தில் கடைசிப் பந்திக்கு நாம் ஒன்றாக உட்கார்ந்தோம். அப்போது அந்தப் பழைய கதை மறுபடியும் சொல்லப்பட்டது. என் கூட்டாளிக்காக நான் பி.டி. சாரிடம் ஓர் உண்மையை மறைத்தேன் என்பது அந்தக் கதை. எல்லாரும் சிரித்தீர்கள்; ஒருவர் என் முதுகில் தட்டினார்; நானும் சிரித்தேன். நான் மறைத்தது உண்மைதான். எவ்வளவு நேரம் மறைத்தேன் என்பதை அந்தக் கதை சொல்வதில்லை. இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த வேளையில் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எழுதுமுன் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பள்ளி நாள்களைப் பற்றி நான் கண்டவற்றிலும் கேட்டவற்றிலும், இன்னொருவராவது உறுதி செய்தவற்றை மட்டுமே தருவது. இதற்காகக் கோல்கீப்பர் வீட்டுக்குப் போய் வந்தேன். என் அக்காவிடமும் கேட்டேன். அந்த நாள்களில் வானம் எப்படியிருந்தது, யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தோம் என்பனவெல்லாம் எனக்கு நன்றாகவே நினைவிருக்கின்றன. ஆனால் கேட்டவர்கள் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள், ஆதலால் விட்டுவிட்டேன். இந்த வயதில் நினைவு, கேட்டதைத் தராமல் பிடித்ததை எடுத்துத் தருகிறது. நான் சொல்லப்போவது எனக்குப் பிடித்த செய்தி அன்று. ஓரிடத்தில் மட்டும் என் விதியை மீறுவேன். மீறும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நம் பள்ளி மைதானம் இருந்த நிலை உங்களுக்கு மறந்திருக்காது. கிழக்குத் தாம்பரத்தில், செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. மேற்கு ஓரம் முழுவதும் நெருஞ்சி. வடக்கே ஒரு நீண்ட மதில். அந்த மதிலில் சார் சுண்ணாம்பால் ஒரு கோல் வரைந்து, அதன் நான்கு மூலைகளிலும் நான்கு கட்டங்கள் போட்டிருந்தார். விமானப் படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறக்கும்போது அவர் பேச்சை நிறுத்தி, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருப்பார். ஓசை அடங்கியதும், விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்.

நமக்கு அவர் கற்றுத்தந்தது பந்தாட்டம் என்று சொல்வதைவிட, உதைக்கக் கற்றுத்தந்தார் என்பதே சரி. பந்துக்கு அருகில் ஓர் அரைச் செங்கல்லை வைப்பார். ஊன்றும் கால் செங்கல்லை உரசிக்கொண்டு இறங்க வேண்டும். கணுக்கால் இறுகியிருக்க வேண்டும். முழங்கால் பந்துக்கு நேர்மேலே வர வேண்டும். பந்து போன பிறகும் தலை நிமிரக் கூடாது.

"நிக்கிற கால்தான்டா அடிக்குது. அடிக்கிற கால் சும்மா வந்துட்டுப் போகுது" என்பார்.

பந்தின் எந்த இடத்தில், பாதத்தின் எந்தப் பகுதி பட்டது என்பதைக் கண்டறிய அவர் ஒரு வழி வைத்திருந்தார். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பைத் தகரடப்பாவில் குழைத்து, முகச்சவரம் செய்யும் பழைய பிரஷ்ஷால் பூட்ஸின் மேற்புறத்தில் தடவுவார். உதைத்த பின் பந்தை எடுத்துப் பார்த்தால் அதில் தடம் இருக்கும். நாடாவின் வரிகள் பதிந்திருந்தால் சரியான உதை. முனை மட்டும் வட்டமாகப் பதிந்திருந்தால், "இது கட்டைவிரல் நாட்டாமை" என்று பந்தைத் திருப்பி உருட்டிவிடுவார்.

பூட்ஸ் என்றேன். அணியின் முன்கள ஆட்டக்காரர்கள் இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஜோடி. ரயில்வே அணியில் ஆடிய ஒருவர் கழித்துப்போட்டதைச் சார் வாங்கி வந்திருந்தார். அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவன் என் கூட்டாளி. அவன் அஸ்தினாபுரத்திலிருந்து நடந்து வந்து குரோம்பேட்டையில் ரயில் ஏறுவான். அவனுடைய அப்பா நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். கிழிந்திருந்த பூட்ஸை அவர்தான் தைத்து, ஏதோ கொழுப்புத் தடவி, பழக்கிக் கொடுத்தார்.

ஒரு ஜோடியை இருவர் பகிர்ந்துகொள்வதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. நான் வலதுகால் ஆட்டக்காரன். அவன் இடதுகால் ஆட்டக்காரன். வலது பூட்ஸ் எனக்கு, இடது பூட்ஸ் அவனுக்கு. மற்றக் கால் வெறுங்கால். பூட்ஸை மாட்டிக்கொண்டு அவன் முதன்முதல் சொன்னது கோல்கீப்பருக்கும் நினைவிருக்கிறது.

"உன் சோத்தாங்காலு, என் பீச்சாங்காலு. ரெண்டும் சேந்தா ஒரு முழு ஆளுடா மச்சான்!"

பல்லாவரத்துப் பையன்களோடு ஆடியபோது அவர்களில் ஒருவன் கத்தினான்: "டேய், இன்னொரு பூட்ஸ நாய் தூக்கினு பூட்ச்சா?"

என் கூட்டாளி ஓடிக்கொண்டே என்னைக் கை காட்டினான். "இல்லடா, அது அங்க ஓடினு கீது பாரு!"

அன்று அவன் போட்ட கோலைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறீர்கள். தொலைவைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்; இதைக் கோல்கீப்பரும் ஒப்புக்கொள்கிறார். மற்றவர்கள் உதைக்கும்போது ஓர் அறை விழுந்த ஓசை கேட்கும். அவன் இடதுகாலால் உதைக்கும்போது, கனத்த மரக்கதவை மெல்லச் சாத்தியதுபோல ஓர் ஓசை வரும். பந்து சுழலாது. "அந்தச் சத்தம் கேட்டா நான் குதிக்கவே மாட்டேன். குதிச்சு என்ன ஆவப்போவுது?" என்றார் கோல்கீப்பர், சென்ற மாதம்.

பொங்கல் கழிந்த பிறகு, கோடையில் நடக்கவிருந்த விளையாட்டு விடுதித் தேர்வைப் பற்றிச் சாருக்குத் தகவல் வந்தது. தேர்வானால் தங்குமிடம், உணவு, படிப்பு எல்லாம் விடுதியில். பின்னாளில் வேலைக்கும் அதுவே வழி. முன்களத்துக்கு நம் பக்கத்திலிருந்து எடுத்தால் ஒருவனை எடுப்பார்கள் என்பதே பேச்சாக இருந்தது. அந்த ஒருவன் யார் என்பதில் நம் யாருக்கும் ஐயமில்லை. எனக்கும் இல்லை.

சாருக்குத்தான் ஐயம் இருந்தது. தேர்வாளர்கள் இரண்டு காலாலும் உதைக்கச் சொல்வார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே ஒரு கால வெச்சுக்கிட்டு வர்ற ஃபார்வர்டை எவன் எடுப்பான்? அதுவும் நொட்டாங்கால்" என்றார்.

அந்த வாதத்தில் இருந்த ஓட்டை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எனக்கும் ஒரே ஒரு கால்தான் இருந்தது. அது வலதுகால் என்பதால் அதை யாரும் ஒரே ஒரு கால் என்று எண்ணவில்லை. என் கூட்டாளிக்குச் சிறுவயதில் எழுதும் கையை மாற்றியிருந்தார்கள். அவனுடைய வலதுகை எழுத்து, காற்றில் சாய்ந்த வேலிபோல இருக்கும். கையைத் திருத்தியாயிற்று. கால் மட்டும் மிச்சமிருந்தது.

சார் இடது பூட்ஸை வாங்கி விளையாட்டுப் பொருள் அறையில் வைத்துப் பூட்டினார். வலது பூட்ஸ் இனி எங்கள் இருவருக்கும் பொது. நான் உதைத்து முடித்துக் கழற்றித் தருவேன், அவன் மாட்டிக்கொள்வான். பிறகு அவன் கழற்றித் தருவான். உள்ளே மற்றவன் காலின் சூடு இருக்கும். முதல் சில நாள்களில் அது அருவருப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அவனுடைய இடதுகால் வெறுங்காலாக இருந்ததற்குக் காரணம் உண்டு. காற்று இறுக அடைத்த கனத்த தோல் பந்தை வெறுங்காலால் ஓங்கி உதைத்தால் வலிக்கும். வலித்தால் தானே விட்டுவிடுவான் என்பது சாருடைய கணக்கு.

ஒரு மாலை அவனுடைய அப்பா மைதானத்துக்கு வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். விரல் நகங்களில் சாயக் கறை இருந்தது. சாரிடம் நெருங்கி நிற்கத் தயங்கி, சற்றுத் தள்ளியே நின்றார்.

"சார், அவன் அவங்க ஆத்தா வவுத்துல கீறப்பவே அந்தக் காலாலதான் சார் ஒதைச்சான். அத்த வுட்டுடு சார்."

"அப்பவே திருத்தியிருக்கணும்" என்றார் சார்.

நாம் எல்லாரும் சிரித்தோம். என் கூட்டாளியும் சிரித்தான். அவனுடைய அப்பாவும், சிரிக்க வேண்டிய இடம் என்று கண்டுகொண்டவர்போலச் சிரித்தார்.

"உங்க பையனோட நல்லதுக்குத்தான்யா. செலக்‌ஷன் முடியட்டும். அப்புறம் ரெண்டு காலும் அவனுக்குத்தான்."

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். போகும் வழியில் குனிந்து, பூட்ஸின் தையலை விரலால் அழுத்திப் பார்த்தார். அது வலது பூட்ஸ்.

இனி என் பங்கு. சார் அணி முழுவதையும் பார்க்க வேண்டியவர். மதிலருகே நின்று ஒருவனையே கவனித்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. என் கூட்டாளி எந்தக் காலால் உதைக்கிறான் என்பதைப் பார்த்துச் சொல்ல என்னை அமர்த்தினார். ஏன் என்னை என்றால், நான் உண்மை பேசுகிறவன். அதற்கு முந்திய ஆண்டு ஓர் ஆட்டத்தில், பந்து என் காலில் பட்டுத்தான் வெளியே போனது என்று நானாகவே நடுவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. சார் அதை வகுப்பு வகுப்பாகச் சொன்னார். "இவன் பொய் சொல்ல மாட்டான்" என்று என் தலையில் கை வைத்தார். என் அப்பா நான் போட்ட கோல்களைப் பற்றி ஒருபோதும் கேட்டதில்லை. இதை மட்டும் அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அக்கா இதை உறுதி செய்கிறாள். "உன்னோட தலைக்கனம் அப்பதான்டா ஆரம்பிச்சது" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

முறை இதுதான். வலது பூட்ஸில் சுண்ணாம்பு தடவப்படும். அவன் மதிலைப் பார்த்து உதைப்பான். நான் பந்தை எடுத்துப் பார்ப்பேன். மைதானத்தின் நடுவிலிருந்து சார், "என்னடா?" என்று கத்துவார். தடம் இருந்தால் "சுண்ணாம்பு!" என்று நான் கத்த வேண்டும். இல்லாவிட்டால் "சுத்தம்!" என்று கத்த வேண்டும். சுத்தம் என்றால் இடதுகால். இடதுகால் என்றால் அவன் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை ஓட வேண்டும். மேற்கு ஓரத்து நெருஞ்சி வழியாக, ஒரு காலில் பூட்ஸோடும் மறுகால் வெறுங்காலோடும்.

மாசியில் தொடங்கிய இந்த ஏற்பாடு பங்குனி வெயிலிலும் தொடர்ந்தது. அவன் வேண்டுமென்று இடதுகாலைப் பயன்படுத்தவில்லை. பந்து உருண்டு வரும்போது அவன் யோசிப்பதற்குள் அந்தக் கால் போய்விடும். உதைத்த மறுநொடி அவன் என் பக்கம் திரும்பிப் பார்ப்பான். நாளாக ஆக, வலதுகாலால் உதைத்தாலும் திரும்பிப் பார்த்தான். உதை எங்கே போனது என்று மதிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாடா, ஜட்ஜய்யா? தீர்ப்பு இன்னா?" என்பான்.

"சுத்தம்!" என்று நான் கத்துவேன்.

அவன் ஓடுவான். நான் பந்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அந்தக் குரல் இன்னும் காதில் இருப்பதாகக் கோல்கீப்பர் சொன்னார். "கோயில்ல மணி அடிக்கிற மாதிரி கணீர்னு சொல்லுவே" என்றார். அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார்.

இப்போது அந்தக் கதையின் நாளுக்கு வருகிறேன். பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. வெயில் தாழ்ந்த பிறகும் தரை சுட்டது. என் கூட்டாளி டப்பாவிலிருந்து பூட்ஸுக்குச் சுண்ணாம்பு தடவினான். பிறகு மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் வெறும் இடதுகாலின் மேற்புறத்திலும் தடவிக்கொண்டான். பிரஷ்ஷின் கூச்சத்தில் கால்விரல்கள் மடங்கின.

"டேய், இன்னாடா பண்றே?" என்றேன்.

"பூட்ஸுக்குப் பவுடர் போட்டா தப்பில்ல, காலுக்குப் போட்டா தப்பா? சும்மா இரு."

ஓடிவந்து உதைத்தான். அந்த ஓசை கேட்டது. சில வாரங்களாக நான் முழுதாகக் கேளாத ஓசை. பந்து மதிலின் மேல்மூலைக் கட்டத்தின் நடுவில் பட்டு, தூசு தெறிக்க, என்னிடமே திரும்பி வந்தது. கையில் எடுத்தேன். வெள்ளைத் தடம் இருந்தது. நாடாவின் வரிகள் இல்லை; ஒரு பாதத்தின் மேற்புறம், நரம்புகூடத் தெரிகிற மாதிரி.

"என்னடா?" என்று சார் கத்தினார்.

அவன் என்னைப் பார்த்தான். "சுண்ணாம்பு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு மச்சான்."

"சுண்ணாம்பு!" என்று கத்தினேன்.

அவன் சிரித்த சிரிப்பைப் பற்றி எழுத மாட்டேன். அதை நான் ஒருவன்தான் பார்த்தேன். அன்று இருட்டும் வரை அவன் இடதுகாலாலேயே உதைத்தான். நானும் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்று கத்தினேன். நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். ரகசியம் எப்படியோ அணி முழுவதும் பரவி, ரயிலடிக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பாக இருந்தது என்கிறார் கோல்கீப்பர். மறுநாள் அவன் காலில் சுண்ணாம்பு வெந்து தோல் உரிந்திருந்ததைச் சார் பார்த்துவிட்டார், குட்டு உடைந்துவிட்டது. உங்கள் கதை இங்கே முடிகிறது.

விதியை மீறும் இடம் இது. இனி வரும் சில வரிகளுக்குச் சாட்சி இல்லை. சொன்னவன் நான், கேட்டவர் இறந்துவிட்டார்.

நீங்கள் ரயிலடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான் உங்களோடு இல்லை. மைதானத்துக் குழாயடியில் சார் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

"சார், இன்னைக்கு அவன் வெறுங்கால்லயும் சுண்ணாம்பு தடவியிருந்தான் சார்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாமே இடதா?"

"ஆமா சார்."

"பந்து எங்க போச்சு?"

"மேல் மூலைக் கட்டத்துல சார். எல்லாமே."

அவர் குழாயை மூடினார். மதிலைப் பார்த்தார். இருட்டில் கட்டங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அந்தச் சிறு பொழுதில் அவர் மனம் மாறியிருக்கக்கூடும் என்று நான் பின்னாளில் பலமுறை எண்ணியிருக்கிறேன். அப்படி எண்ணுவதற்குச் சான்று இல்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. பந்து எங்கே போனது என்று கேட்டவருக்கு, அது எங்கே போனது என்பது முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி, போ" என்றார். "நல்ல பையன்டா நீ."

நான் வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன். குற்ற உணர்ச்சி அன்று இல்லை. மனம் இலேசாகத்தான் இருந்தது. இன்று என்னை வருத்துவது அதுவே.

மறுநாள் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். சார் அடிக்கவில்லை, திட்டவில்லை. தேங்காய் எண்ணெய்ப் புட்டி கொண்டுவந்து, என் கூட்டாளியின் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உரிந்த தோலுக்கு எண்ணெய் தடவினார். பிறகு பழைய வேட்டித் துணியைக் கிழித்து, விரல் முதல் கணுக்கால்வரை தடிமனாகக் கட்டினார். "இந்தக் கால மறந்துடு கண்ணா. கொஞ்ச நாளுதான்" என்றார். அந்தக் குரலில் அன்பு இருந்தது. கட்டு புண்ணுக்காகப் போட்டது. புண் ஆறிய பிறகும் கட்டு இருந்தது. அவனும் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. தினமும் அவனே சுற்றிக்கொண்டு வந்தான். அதன்பின் நான் "சுத்தம்" என்று கத்த வேண்டி வரவே இல்லை.

விடுதித் தேர்வு, நகரத்தில் ஒரு பெரிய மைதானத்தில் நடந்தது. புல்தரை. நாம் அதுவரை புல்லில் ஆடியதில்லை. சார் இடது பூட்ஸை அறையிலிருந்து எடுத்து வந்திருந்தார். முதன்முறையாக முழு ஜோடியையும் ஒருவன் போட்டுக்கொண்டு ஆடினான். முதலில் நான், பிறகு அவன். வலது பூட்ஸ் இருவர் கால்பட்டு மிருதுவாகியிருந்தது. பூட்டிக் கிடந்த இடது பூட்ஸ் காய்ந்து, மடியும் இடத்தில் வெடித்திருந்தது.

நான் என் பங்குக்கு ஆடினேன். குறையில்லை, சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அவன் முறை வந்தபோது நானும் சாரும் கோட்டுக்கு வெளியே நின்றோம். நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால். மிக விரைவிலேயே பந்து அவனுடைய இடதுகாலுக்கு, கேட்டு வாங்கியதுபோல, வந்தது. எதிரே எதிரணிக் கோல்கீப்பர் மட்டும். அவன் பந்தை நிறுத்தி வலதுகாலுக்கு மாற்றினான். அதற்குள் ஒருவன் ஓடிவந்து தட்டிப் பறித்துவிட்டான். இன்னொரு முறையும் அப்படியே.

கடைசியில் ஒவ்வொருவனையும் ஒரு பெனால்டி உதைக்கச் சொன்னார்கள். தேர்வாளர் சொன்னது உடன் வந்திருந்த நம் கோல்கீப்பருக்கும் நன்றாகக் கேட்டிருக்கிறது: "எந்தக் காலா இருந்தாலும் சரி தம்பி. உனக்கு எது வசதியோ அதுல அடி."

இரண்டு காலாலும் உதைக்கச் சொல்லவே இல்லை. யாரையும் சொல்லவில்லை.

என் கூட்டாளி பந்தை வைத்தான். பின்னால் நகர்ந்தான். பிறகு, உதைப்பதற்கு முன்னால், எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். சார் வலதுகையை உயர்த்தினார் என்று நம் கோல்கீப்பர் சொல்கிறார். அவர் என் பின்னால் இருந்ததால் நான் பார்க்கவில்லை. என் முகம் அப்போது எப்படியிருந்தது என்பதை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அவன் ஓடிவந்து வலதுகாலால் உதைத்தான். ஊன்றுகால் பந்தின் அருகில் சரியாக இறங்கியது. கணுக்கால் இறுகியிருந்தது. தலை நிமிரவில்லை. சார் சொல்லித்தந்ததில் ஒரு பிழையும் இல்லை. பந்து நேராக எதிரணிக் கோல்கீப்பரின் கைகளுக்குப் போனது.

"டெக்னிக் கரெக்டா இருந்தது" என்றார் சார், யாரிடம் என்றில்லாமல்.

என்னை எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வந்தான். குரோம்பேட்டை வந்ததும் ஜோடியாக என் கையில் கொடுத்தான். "இனிமே ரெண்டும் உனக்குத்தான்டா. காலு ரெண்டும் பத்திரம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

விடுதிப் படிப்பு முடிந்ததும் ஒரு வங்கியில் விளையாட்டு வீரர்களுக்கான இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வங்கி அணிக்குச் சில பருவங்கள்தான் ஆடினேன், முழங்கால் போய்விட்டது. வேலை போகவில்லை. என் வீடு, என் பிள்ளைகளின் படிப்பு, விருப்ப ஓய்வு பெற்று இன்று வாங்கும் ஓய்வூதியம் எல்லாம் அந்த இடத்திலிருந்து வந்தவை. அந்த இடம் யாருக்கு உரியது என்று பொங்கலுக்குப் பின் நாம் எல்லாரும் அறிந்திருந்தோம் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், கடன் கேட்டிருந்த ஒரு பட்டறையைப் பார்வையிடத் திருமுடிவாக்கத்துத் தொழிற்பேட்டைக்குப் போனேன். தகடு வெட்டும் இயந்திரத்தின் முன்னால் அவன் இருந்தான். தகட்டை வைப்பான், கீழே உள்ள கட்டையைக் காலால் மிதிப்பான், வெட்டுண்ட துண்டு விழும். அவன் மிதித்தது வலதுகாலால்.

"அடப்பாவி! பேங்க்காரனாயிட்டியா? தொப்பையைப் பாரு!" என்று கட்டிப்பிடித்தான். என் சட்டையில் எண்ணெய்க் கறை பட்டது. வாசலில் தேநீர் வாங்கிக் கொடுத்தான். பணம் கொடுக்க என்னை விடவில்லை.

"இன்னும் ஆடுறியா?" என்றான்.

"முட்டி போயிடுச்சுடா."

"எனுக்கு ரெண்டும் நல்லாதான் கீது." தரையில் ஒரு காலைத் தட்டிக் காட்டினான். பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னான். அவளும் இடதுகையால்தான் எழுதுகிறாளாம். "டீச்சரு ஸ்கேலால தட்டுச்சாம். நேரா பூட்டேன் ஸ்கூலுக்கு. கொயந்த எந்தக் கையில எய்தினா உனுக்கு இன்னாம்மா, அவ இஷ்டத்துக்கு வுடுன்னு சொல்ட்டு வந்தேன்."

அவனிடம் சொல்ல வேண்டியது இருந்தது. அதற்கான இடமும் அதுவே. தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. அவன் எழுந்து என் தோளில் கை வைத்தான்.

"ஆனா அன்னிக்கு ஒரு நாளு நீ எனுக்காவ சுண்ணாம்பு, சுண்ணாம்புன்னு கத்தினியே மச்சான். அத்த நான் மறக்கவே மாட்டேன்."

சிரித்தான். உள்ளே போனான். பட்டறையின் ஓசையில் அவனுடைய இயந்திரத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்க என்னால் முடியவில்லை.

அந்தப் பட்டறை பிறகு மூடப்பட்டது. அஸ்தினாபுரத்து வீட்டில் இப்போது வேறு குடும்பம். அவன் பெரும்பாக்கத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார், போய்த் தேடினேன், உறுதியாகவில்லை. இடது பூட்ஸ் என்னிடம் இருக்கிறது. வலது பூட்ஸ் விடுதியிலேயே தேய்ந்து பிரிந்துவிட்டது.

தெரியாதவை இவை. தேர்வாளர் எதை வைத்து முடிவு செய்தார் என்பது தெரியாது. பெனால்டிக்கு முன் அவன் திரும்பிப் பார்த்தது என்னையா, என் பின்னால் நின்ற சாரையா என்பது தெரியாது. குழாயடியில் நான் சொன்னதைச் சார் அவனிடம் சொன்னாரா என்பதும் தெரியாது. திருமுடிவாக்கத்தில் அவன் எனக்கு நன்றி சொன்னபோது அதை அறியாமல் சொன்னானா, அறிந்தே சொன்னானா என்பதும் எனக்குத் தெரியாது.